கெட்டில் கொதிக்கும் வரை உயிரோடிருந்த நரம்பு

இந்தக் காலத்து மனிதர்களைப் போன்ற மகா புத்திசாலிகள் உலகம் உண்டான நாளிலிருந்து பிறந்ததில்லை. மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், போனைத் திறப்பார்கள். போன் 'வெயில்' என்று சொல்லிவிட்டால் தொப்பலாக நனைந்துகொண்டே வெயிலில் நடப்பார்கள். தூங்கி எழுந்தவனிடம் "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டால் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான். கடிகாரம் 'இல்லை' என்றால் அப்போதுதான் அவனுக்குக் கொட்டாவி வருகிறது. மனிதனுக்குள்ளே என்ன நடக்கிறது என்று மனிதனிடமே கேட்கிற அநாகரிகமெல்லாம் ஒழிந்துபோன பொற்காலம் இது.

இந்தப் பொற்காலத்தில்தான் ஏலக்காரருக்குக் குரல் போனது.

அவர் பழைய சாமான் ஏலக்கூடத்தில் ஏலம் விடுகிறவர். திவாலான கம்பெனிகளின் சுழல் நாற்காலிகள், கல்யாணம் முறிந்த வீடுகளின் இரட்டைக் கட்டில்கள், யாரும் உட்காராமலே பழசாகிப்போன சோபாக்கள் எல்லாம் கடைசியில் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் வந்து வரிசையாக நிற்கும். அவர் மேஜைமேல் ஏறி ஒரு குரல் கொடுத்தால், கடைசி மூலையில் அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவன்கூடத் தலையை இடித்துக்கொண்டு வெளியே வருவான்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் விலை கேட்பதற்கு முன்னால் ஏலக்காரர் உரக்கச் சொல்லியாக வேண்டும்: "ஓடுமா ஓடாதா, தெரியாது! இருக்கிறபடி ஏலம்!" அதற்குப் பிறகுதான் ஒரு தரம், ரெண்டு தரம். சொல்லாமல் விற்ற சாமானை வாங்கியவன் திருப்பிக் கொண்டுவந்தால் கூடம் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகையால் மின்விசிறிக்கும் சொல்வார், நாற்காலிக்கும் சொல்வார், சுவரில் மாட்டும் கண்ணாடிக்கும் சொல்வார். நாகரிகம் இத்தனை தூரம் வளர்ந்த பிறகும் இப்படி ஒரு பிற்போக்கான வழக்கம்! தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று, அதுவும் மேஜைமேல் ஏறி நின்று, ஊரே கேட்கும்படி கத்திப் பிழைத்த மனிதர் எப்படி உருப்படுவார்? உருப்படவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

மிச்சம் இருந்தது வெறும் காற்று. வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் முள் குத்தியதுபோல 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். தண்ணீர் குடித்தால் பாதி வழி தவறிப் போய்ப் புரையேறிக் கண்ணில் நீர் வந்தது.

கூடத்து முதலாளி நல்ல மனிதர். ஏலக்காரர் கஷ்டப்படுவதைக் காணச் சகிக்காமல் ஒரு பெட்டி வாங்கி மேஜைமேல் வைத்தார். பெட்டிக்குள் தேன் ஒழுகும் பெண் குரல். "ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம். நன்றி." விலை கேட்டவன் யோசிக்கிறானா, பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிறானா, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஏறுவானா என்கிற அற்பத்தனங்களெல்லாம் பெட்டிக்குக் கிடையாது. வைத்த அன்றே முதலாளி உட்கார்ந்திருந்த நாற்காலியை விற்றுவிட்டது. வாங்கியவர் பக்கத்தில் வந்து மரியாதையாகக் காத்து நின்றார். முதலாளி எழுந்து கொடுத்தார்.

"பெரிய ஏலத்துக்குள்ள உங்க குரல் வந்துட்டா மேஜை உங்களுக்கு," என்றார் முதலாளி, நின்றபடியே. "வரலைன்னா பெட்டிக்கு. எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா பாருங்க, பெட்டி டீ கேக்காது."

ஏலக்காரர் பதில் சொன்னார். காற்று வந்தது.

பதிலை உரக்கச் சொன்னது அவர் மனைவி. கூடத்து வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது அந்தம்மாவின் வேலை. டோக்கனம்மா என்றால்தான் ஆளுக்கு அடையாளம் தெரியும். ஏலக்காரர் மேஜைமேல் நின்று இத்தனை வருஷம் கத்தியதையெல்லாம் மூட்டையாகக் கட்டினாலும் அந்தம்மா வாசலில் பேசியதில் கால்வாசிக்கு வராது.

"ஏங்க முதலாளி, டீ கேக்காதுன்னு சொல்றீங்களே, அது இன்னிக்கு உங்க நாற்காலியக் கேட்டுச்சு. நாளைக்கு வேட்டு வைக்கிறது எதுக்கோ! நான் இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் கெட்டியா எதையாவது புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

ஆஸ்பத்திரி பெரியது. தரை பளபளப்பு, அம்புக்குறிகள் ஏராளம். எந்த அம்புக்குறியைப் பின்பற்றினாலும் பணம் கட்டும் இடத்துக்கு வந்து சேரலாம். அங்கிருந்து தொண்டை டாக்டரைக் கண்டுபிடித்தார்கள். கண்ணாடி போட்ட அம்மா. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, திரையில் தொண்டையின் உள்பக்கத்தைக் காட்டினார். இரண்டு வெள்ளை மடிப்புகள். ஒன்று கதவுபோல வந்து வந்து போனது. மற்றது சும்மா கிடந்தது.

"வலது பக்கம் நல்லா ஆடுது. இடது பக்கம் அசையல. அதுக்குப் போற நரம்பு வேலை செய்யல."

"செத்துப்போச்சா?" என்றார் டோக்கனம்மா.

"செத்திருக்கலாம். தூங்கிட்டும் இருக்கலாம்."

"எங்க வீட்டுக்காரர் நரம்பாச்சே, தூங்கத்தான் செய்யும். எழுப்ப முடியாதா டாக்டர்?"

"தூங்குதுன்னா காத்திருக்கணும். தானா முழிச்சுக்கும். செத்துடுச்சுன்னா ஆபரேஷன். கழுத்துல சின்னதா ஒரு ஜன்னல் வெட்டி, உள்ள ஒரு துண்டை வச்சு, அசையாத பக்கத்தை நடுவுக்குத் தள்ளி நிறுத்திடுவோம். குரல் வரும். புரையேறாது."

"அப்ப அதையே செஞ்சுடுங்களேன்."

"தூங்குற நரம்பைச் செத்ததுன்னு நெனச்சுச் செஞ்சுட்டா, அது முழிச்சுக்கிறப்போ நாங்க வச்ச துண்டு குறுக்க நிக்கும். சும்மா காத்திருந்து, கடைசில அது செத்ததுன்னு தெரிஞ்சா, அத்தனை நாளும் வீண். தண்ணி நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சல் வேற வரும்."

ஏலக்காரருக்கு அது நன்றாகப் புரிந்தது. ஓடாத மின்விசிறியைத் தூக்கி எறிவதா, துடைத்து வைத்துப் பார்ப்பதா? அவர் கையை விரித்து, 'எதுன்னு எப்படித் தெரியும்?' என்று கேட்டார்.

"அதுக்குத்தான் ஒரு டெஸ்ட் இருக்கு," என்றார் தொண்டை டாக்டர், கோயில் மணி அடித்தது போன்ற குரலில்.

அந்தப் பரிசோதனையின் மகிமையை என்னவென்று சொல்வது! கழுத்தின் வழியாகக் குரல்வளைத் தசைக்குள் ஒரு மெல்லிய ஊசியை இறக்க வேண்டும். நரம்புக்கு உயிர் இருந்தால் தசையில் மின்சாரம் ஓடும். மெஷின் திரையில் கோடு துள்ளும். இதைச் சீக்கிரம் செய்தால் நரம்புக்கே தன் நிலைமை இன்னும் பிடிபட்டிருக்காது. தாமதமாகச் செய்தால் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும். நடுவில் செய்ய வேண்டும். நடு எங்கே இருக்கிறது என்பதில் புத்தகங்களுக்குள்ளேயே சின்ன மனஸ்தாபம்.

அதைவிடப் பெரிய மனஸ்தாபம் ஆஸ்பத்திரிக்குள் இருந்தது. குரல்வளை தொண்டைப் பிரிவுக்குச் சொந்தம். ஊசியும் மெஷினும் நரம்புப் பிரிவுக்குச் சொந்தம். ஒருவர் சொத்துக்குள் இன்னொருவர் சொத்து நுழைவதென்றால் சும்மாவா? ஒரு 'கூட்டுக் குழு' அமைக்கப்பட்டது. நடுநிலைமையைக் காப்பாற்றுவதற்காக, தொண்டையோடும் நரம்போடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத எலும்பு டாக்டரைத் தலைவராகப் போட்டார்கள். எலும்பு டாக்டர் கடமையில் கண்ணானவர். குரல்வளையில் எலும்பு இல்லை என்பதைக் கூட்டம் கூடும் வரைக்கும் யாரும் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை, கூட்டத்தில்தான் வேண்டியிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் கொள்கை, 'நோயாளியே எங்கள் மையம்'. வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆகவே கூட்ட அறையின் நட்டநடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு ஏலக்காரரை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் மேஜை. பேசியதெல்லாம் அவர் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தது. டோக்கனம்மாவுக்கு மையத்தில் இடமில்லை, கதவோரம் நின்றார்.

"ஊசியை நாங்கதான் புடிப்போம்," என்றார் நரம்பு டாக்டர். உயரமானவர், குனிந்து பேசும் பழக்கம் இல்லாதவர்.

"எங்க தொண்டையிலயா?" என்றார் தொண்டை டாக்டர்.

"ஊசியை நீங்க புடிச்சா கோட்டை யார் படிக்கிறது?"

"கோட்டை நீங்க படிச்சா ஊசி எங்க நிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோட்டைப் பார்த்துத்தான் தெரியணும்."

"கோடு வரலைன்னா?"

"ஊசி தப்பான எடத்துல நிக்குதுன்னு அர்த்தம். இல்லைன்னா நரம்பு செத்துடுச்சுன்னு அர்த்தம்."

"ரெண்டுல எதுன்னு?"

நரம்பு டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "அது அனுபவத்துல வரும்."

ஒரே பதிலுக்குள் இரண்டு உண்மை இருக்கிற பரிசோதனை வேறு எங்கே கிடைக்கும்? எலும்பு டாக்டர் இரு தரப்பையும் கேட்டுத் தீர்மானம் போட்டார். தொண்டை டாக்டர் ஊசியைப் பிடிப்பார். திரையைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டார். நரம்பு டாக்டர் திரையைப் பார்ப்பார். ஊசியின் பக்கம் திரும்ப மாட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மையத்தில் இருந்தவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

பரிசோதனை நாள் வந்தது. அறை சின்னது, ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில், ஒரு மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் மெஷின்காரர், மெஷின்காரருக்குப் பக்கத்தில் அவருடைய கெட்டில். சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் பல பிளக் உள்ள ஒரு நீட்டுப் பலகையைச் செருகி, மெஷினையும் கெட்டிலையும் சமதர்மமாக அதிலேயே மாட்டியிருந்தார் மெஷின்காரர்.

ஏலக்காரரைப் படுக்க வைத்துத் தோளுக்கு அடியில் தலையணையைக் கொடுத்தார்கள். தலை பின்னால் தொங்கியது. உலகம் தலைகீழாகத் தெரிந்தது. திரையும் தெரிந்தது.

"அசையாதீங்க. இருமாதீங்க. எச்சில் முழுங்காதீங்க. பேசாதீங்க," என்றார் தொண்டை டாக்டர், ஊசியை இறக்கிக்கொண்டே. "ம். இப்ப 'ஈ'ன்னு சொல்லுங்க."

ஏலக்காரர் கண்ணை உருட்டினார்.

"சத்தமா 'ஈ' சொன்னாத்தான் ஊசி சரியான தசைக்குள்ள இருக்குன்னு உறுதி பண்ண முடியும்," என்றார் நரம்பு டாக்டர், திரைக்கு.

"ஈ வந்தா நாங்க எதுக்கு இங்க வர்றோம்?" என்றார் சுவரோரம் நின்ற டோக்கனம்மா. "காலு ஒடிஞ்சவன ஓடிவந்து காட்டுங்கற மாதிரி இருக்கே!"

"அம்மா, சத்தம் போடாதீங்க. மெஷின்ல ஏறிடும்."

ஏலக்காரர் ஸ்ஸ் என்றார். அந்த நிமிஷம் மெஷின்காரர் கெட்டிலின் பொத்தானை அழுத்தினார். திரையில் கோடு குதித்தது! சின்னக் குதியல்ல, கூடத்தில் தள்ளுபடி விலை சொன்னதும் கைகள் உயர்வதுபோல வரிசையாக, நெருக்கியடித்து, ஒரே உயரத்தில் குதித்தது. மெஷினின் ஒலிபெருக்கி 'ம்ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்தது.

"கேக்குதா?" நரம்பு டாக்டருக்குக் குரல் தழுதழுத்தது. "நரம்பு பாடுது!"

தொண்டை டாக்டருக்கும் பரவசம். தீர்மானத்தை மறந்து திரையைத் திரும்பிப் பார்த்தார். திரும்பிய வேகத்தில் கை உயர்ந்தது. கையோடு ஊசியும் வெளியே வந்தது. கோடு முன்னைவிட உற்சாகமாக ஆடியது.

தலைகீழாகக் கிடந்த ஏலக்காரர் இதைப் பார்த்துவிட்டார். கையை ஆட்டினார். கழுத்தைக் காட்டினார், ஊசியைக் காட்டினார், கெட்டிலைக் காட்டினார்.

"அசையாதீங்கன்னு சொன்னேன்ல? ஊசி நகர்ந்துடும்," என்றார் தொண்டை டாக்டர், ஊசியைக் காற்றில் பிடித்தபடி.

"டாக்டர்!" என்று கத்தினார் டோக்கனம்மா. "ஊசி அவர் கழுத்துல இல்ல, உங்க கையில இருக்கு!"

"அம்மா, தயவுசெஞ்சு வெளிய இருங்க."

அப்போது தண்ணீர் கொதித்தது. 'க்ளிக்'. கெட்டில் தானாக நின்றது. ஒலிபெருக்கி ஓய்ந்தது. கோடு ஒரு தடவை துடித்து, நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டது.

நரம்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போயிடுச்சு," என்றார். "நம்ம கண்ணு முன்னாடியே."

மெஷின்காரர் தலையைக் குனிந்து நின்றார். பிறகு டீ போட்டார்.

ஒரு நரம்பின் கடைசி மூச்சை நேருக்கு நேர் கண்ட பெருமை மருத்துவத்தில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது? ஆனால் பெருமை வந்த இடத்தில் சண்டையும் வந்தது. தொண்டை டாக்டர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்: உயிரோடிருக்கிறது, காத்திருக்க வேண்டும். நரம்பு டாக்டர் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார்: செத்துவிட்டது, வெட்ட வேண்டும். குழு மறுபடியும் கூடியது. மையத்தில் மறுபடியும் நாற்காலி.

எலும்பு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் குழுவில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான் என்பதால் பதிவு செய்ய வேண்டியதாகிறது. "நார்மலா இருக்கறவங்களுக்குக் கோடு எப்படி இருக்கும்?"

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தொண்டைப் பிரிவின் நார்மல் வேறு, நரம்புப் பிரிவின் நார்மல் வேறு என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டு பிரிவுக்கும் பொதுவான ஒரு நார்மல் கழுத்தில் ஊசி போட்டுப் பார்த்தாலொழிய இவருக்கு முடிவு சொல்ல முடியாது என்று ஆயிற்று.

"நம்மள்ல யாராவது ஒருத்தர்..." என்றார் எலும்பு டாக்டர்.

அந்த நொடியில் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. நரம்பு டாக்டர் இருமினார். தொண்டை டாக்டர் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றினார். மெஷின்காரர் மெஷினைப் பார்த்துக்கொள்ள ஓடினார். எலும்பு டாக்டர் தனக்கு எலும்பு மட்டுமே இருப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப ஆள் கெடைக்கிற வரைக்கும் ஒத்தி வைக்கலாம்," என்றார்.

"ஒத்தி வச்சா பெரிய ஏலம் வந்துடும்யா!" டோக்கனம்மா கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "இந்த மனுஷன் ராத்திரி தண்ணி குடிச்சா விடிய விடிய இருமுறாரு. என் கழுத்த எடுத்துக்குங்க. ஊருல இத விட நார்மலான தொண்டை கெடைக்காது. சந்தேகமா இருந்தா கூடத்துல கேட்டுப் பாருங்க!"

ஏலக்காரர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். அந்தம்மா கையை உதறினார். "சும்மா இருங்க. ஊசிதானே? உங்க அக்கா பேச்சவிடவா குத்திடப்போகுது?"

அந்தம்மாவைப் படுக்க வைத்தார்கள். இம்முறை மெஷின்காரர் ஏற்கெனவே டீ குடித்திருந்தார். ஊசி இறங்கியது. இங்கேதான் விஞ்ஞானம் ஒரு புதிய எதிரியைச் சந்தித்தது. டோக்கனம்மா பேசினால் குரல்வளை மேலும் கீழும் ஏறி இறங்கி ஊசியைத் தள்ளிவிட்டது. பேசாமல் இருந்தால் ஊசி நின்றது. ஆனால் கோடு எழவில்லை. பேசினால் ஊசி இல்லை, ஊசி இருந்தால் பேச்சு இல்லை. கடைசியில், 'ஒழுங்காக நின்ற ஊசியின் கோட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்' என்று இரு பிரிவும் முதல்முதலாக ஒற்றுமைப்பட்டன. அந்தம்மா வாயை மூடியிருந்த அந்த அபூர்வத் தருணத்தின் கோட்டை எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் எலும்பு டாக்டர் முடிவுகளை வாசித்தார்.

"இந்த அம்மாவுக்குக் குரல் நரம்பில் மின்சாரம் இல்லை. குரல் உண்டாக வாய்ப்பில்லை."

"என்னது?" என்றார் டோக்கனம்மா. மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

எலும்பு டாக்டர் பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எழுதிக்குங்க. சத்தம் கேட்டது. ஆதாரம் இல்லை."

"இவரைப் பொறுத்தவரை," என்று தொடர்ந்தார், "நார்மலான அம்மாவுக்கே கோடு இல்லாதப்போ, இவருக்குப் பாதி நேரமாவது கோடு வந்திருக்கு. அதனால இவர் நார்மலை விட நல்லா இருக்கார்னு ஒரு தரப்பு சொல்லுது. இன்னொரு தரப்பு செத்துப்போச்சுன்னு சொல்லுது. குழு ரெண்டு கருத்தையும் மதிக்குது. இவர் ஆபரேஷன் வரிசையில பேர் குடுத்துட்டுக் காத்திருக்கட்டும். வரிசை ரொம்ப நீளம். காத்திருந்த மாதிரியும் ஆச்சு, ஆபரேஷனுக்குச் சொன்ன மாதிரியும் ஆச்சு. அம்மா பேரையும் சேத்துடலாம். மேற்கொண்டு, இதை விடப் பெரிய மெஷின் வாங்கணும்னு குழு ஏகமனதா சிபாரிசு பண்ணுது."

கை தட்டினார்கள். ஏலக்காரர் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதில் காற்று ஊதினார்.

டோக்கனம்மா நிமிர்ந்தார். "அவர் ஒண்ணு கேக்குறாரு. அவரு நரம்பு தூங்குதா செத்துடுச்சான்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அப்படி ஒரே வார்த்தையில..." என்றார் தொண்டை டாக்டர்.

"முழுமையாப் பாத்தா..." என்றார் நரம்பு டாக்டர்.

"கேள்வி குழுவோட வரம்புக்குள்ள வருதான்னு..." என்றார் எலும்பு டாக்டர்.

மறுபடியும் காதில் காற்று.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்கன்றாரு. கோவிச்சுக்க மாட்டாராம். அவர் தொழில்ல தெனமும் அவர் சொல்ற வார்த்தைதானாம் அது. நீங்க அதச் சொல்லிட்டா, வீட்டுக்குப் போய் எங்க பாட்டுக்கு ஒரு முடிவுக்கு வந்துடுவோம். செத்துப்போச்சுன்னு ஒருத்தரும் இருக்குன்னு ஒருத்தரும் சொன்னா நாங்க அழறதா சிரிக்கிறதா?"

எலும்பு டாக்டர் உண்மையிலேயே முயற்சி செய்தார். குறை சொல்லக் கூடாது. வாயைத் திறந்தார். "தெ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடித்தார். புரையேறியது.

ஏலக்காரர் மையத்திலிருந்து எழுந்து வெளியே நடந்தார்.

வராந்தாவில் தொண்டை டாக்டர் பின்னாலேயே ஓடிவந்தார். யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தார். "ஐயா, தண்ணி குடிக்கிறப்போ தலையக் குனிஞ்சு, தாடையை நெஞ்சுப் பக்கம் வச்சு முழுங்கிப் பாருங்க. புரையேறறது குறையும். நான் ஏன் சொல்றேன்னா... அது ஒண்ணுதான்..." மீதியைச் சொல்லாமல் திரும்பிப் போனார்.

அன்று ராத்திரி ஏலக்காரர் தலையைக் குனிந்து குடித்தார். புரையேறவில்லை. அத்தனை கூட்டத்திலும் கிடைத்த ஒரே லாபம் அதுதான். அதையும் அவர்கள் அறிக்கையில் சேர்க்கவில்லை. ஆபரேஷன் வரிசையில் பேர் கொடுக்க அவர் போகவில்லை. காத்திருப்பது என்று தீர்மானித்தார். சரியா தப்பா, தெரியாது. இருக்கிறபடி.

பெரிய ஏலம் வந்தது. குரல் வரவில்லை.

ஆனால் பெட்டியும் இல்லை. முந்தின ஏலத்தில் யாரோ விளையாட்டாக, "அந்தப் பெட்டி என்ன விலை?" என்று கேட்டுவைக்க, பெட்டி ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி, நன்றியும் சொல்லி, தன்னைத்தானே விற்றுக்கொண்டு போய்விட்டது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உட்கார இன்னும் நாற்காலி வாங்கவில்லை.

டோக்கனம்மா டோக்கன் கட்டை முதலாளி கையில் திணித்துவிட்டு மேஜைமேல் ஏறினார். ஏலக்காரர் கீழே நின்று விரலை அசைத்தார். இழு. பொறு. அந்த நீலச்சட்டைக்காரன் இன்னும் ஏறுவான். முடி. ஆஸ்பத்திரி முத்திரையோடு குரல் செத்துப்போன பெண்மணி கொடுத்த சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. சாமான்கள் ஒவ்வொன்றாக நல்ல விலைக்குப் போயின.

கடைசியில் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். பெரிய மெஷின் வந்துவிட்டதால் ஆஸ்பத்திரி கழித்துக்கட்டிய சின்ன மெஷின். அதோடு நீட்டுப் பலகை, பலகையில் கெட்டில். கூடவே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க நரம்பு டாக்டரே வந்திருந்தார்.

"ஓடுமா ஓடாதா, தெரியாது!" என்றார் டோக்கனம்மா. "இருக்கிறபடி ஏலம்!"

நரம்பு டாக்டர் பதறிப்போனார். "அம்மா, தெரியாதுன்னு ஏன் சொல்றீங்க? அருமையான மெஷின். ஒரு நாள்கூடத் தப்பாக் காட்டினதில்ல."

"அப்ப எதுக்கு விக்கிறீங்க?"

கேட்டது டோக்கனம்மா இல்லை. கரகரவென்று, துருப்பிடித்த கீல் திரும்புவதுபோல, ஆனால் குரல். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஏலக்காரரே தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். மேஜைமேல் நின்ற டோக்கனம்மாவுக்கு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, சொல்ல வார்த்தை வரவில்லை.

"குரல் வந்துடுச்சே!" நரம்பு டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க ரிப்போர்ட்லயே இருக்கு. முதல் பாதியில!"

"நீங்க செத்துப்போச்சுன்னுதான சொன்னீங்க?"

"அது நான் சொன்னேன். குழு சொல்லல. குழு ரெண்டையும் சொல்லிச்சு."

"சரி." ஏலக்காரர் மூச்சு வாங்கினார். "இப்ப எப்படி வந்துச்சு? நரம்பு முழிச்சுக்கிச்சா? இல்ல, நல்லா ஆடுற வலது பக்கமே ஓடிவந்து ஒட்டிக்கிச்சா? இருக்குமா, மறுபடி போயிடுமா? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

நரம்பு டாக்டர் வாயைத் திறந்தார். தொண்டைக்குமிழ் மேலே ஏறியது, கீழே இறங்கியது. உதடு 'தெ' என்று குவியப் பார்த்தது. வெளியே வந்தது வெறும் காற்று.

ஏலக்காரருக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

"புது மெஷின்ல ஒரு ஊசி போட்டு உறுதி பண்ணிக்கலாமே," என்றார் நரம்பு டாக்டர், ஒருவழியாக.

பின்னால் ஏலம் சூடு பிடித்துவிட்டது. போட்டியெல்லாம் கெட்டிலுக்குத்தான். மெஷினை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தால் விலை குறையுமா என்று ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஏலக்காரர் டாக்டரின் கையை மெதுவாக விலக்கினார். தன் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். இருக்குமோ போகுமோ, அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தகரக் கூரையை விட்டு வெளியே வெயிலில் இறங்கி நடந்தார்.

"மூணு தரம்!" என்று உள்ளே மனைவியின் குரல் கேட்டது.

நரம்பு செத்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் நோயாளி இவர் ஒருவர்தான். இவருக்குப் போனது காய்ச்சலில், திரும்பி வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் போனது படிப்பில்.